வெறுப்புப் பேச்சைக் குறைத்தல்: சமூகம் எதிர்நோக்கும் சவால்கள்



"வெறுப்புப் பேச்சைக் குறைப்பதில் சமூகம் எதிர்நோக்கும் சவால்களை விளக்குக" என்ற வகையான வினாவுக்கு மாணவர்கள் பெரும்பாலும் எழுதும் விடை எமக்குத் தெரியும். சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும், மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும், ஊடகங்கள் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும் என மூன்று வரிகளில் விடை முடிந்துவிடும். இம்மூன்றும் பிழையானவை அல்ல. ஆனால் வினா கேட்பது தீர்வை அன்று, சவாலை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, பாடசாலைகளில் சமாதானக் கல்வியும் நடக்கிறது. அவ்வாறிருந்தும் இது ஏன் குறையவில்லை என்பதைத்தான் நீங்கள் விளக்க வேண்டும். அதற்கு எமது நாட்டில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிப்போம்.

அம்பாறையில் ஓர் உணவகம்

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், தனது உணவில் ஏதோ கட்டியாக இருப்பதைக் கண்டு சத்தமிட்டார். உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாக அவர் குற்றஞ்சாட்டினார். கூட்டம் கூடியது. காசாளராக நின்றவர் தமிழ் பேசுபவர், சிங்களம் சரியாக விளங்காதவர். தம்மைச் சூழ்ந்து நின்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல், அச்சத்தில், "ஆம், போட்டோம்" என்ற கருத்துப்பட ஏதோ கூறினார். அது கையடக்கத் தொலைபேசியில் பதிவாகி, "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற பெயரில் பேஸ்புக்கில் பரவியது. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி எனத் தெரிய வந்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கக்கூடிய மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை என்பதையும் வைத்தியர்கள் எடுத்துரைத்தார்கள். ஆனால் அந்த அறிக்கை வெளிவரும் முன்னரே, ஒரு வாரம் கழித்து, கண்டி மாவட்டத்தின் திகணையிலும் தெல்தெனியவிலும் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கிவிட்டன. அங்கு உடனடிக் காரணம் வேறு: வீதியில் ஏற்பட்ட தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் ஆரம்பத்தில் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அது ஒரு குற்றச்செயல். பொலிஸாரும் நீதிமன்றமும் கையாள வேண்டிய விடயம். அதை ஓர் இனத்தின் மீதான யுத்தப் பிரகடனமாக மாற்றியது, அம்பாறைக் கதையால் முன்பே பதப்படுத்தப்பட்டிருந்த மனநிலையாகும். எரிந்த வீட்டினுள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

இச்சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விளக்கப்போகும் சவால்களுள் பெரும்பாலானவை இந்த ஓர் உணவக மேசையிலேயே இருக்கின்றன.

வெறுப்புப் பேச்சு என்பது யாது?

சர்வதேச சட்டத்தில் இதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே வரைவிலக்கணம் கிடையாது. இதையே முதலாவது சவாலாக எழுதலாம். 2019 இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட செயற்றிட்டத்தில் ஒரு நடைமுறை விளக்கம் தரப்பட்டுள்ளது. அதன் சாரம் இதுதான்: ஒருவரையோ ஒரு குழுவினரையோ அவர்களது மதம், இனம், தேசியம், நிறம், வம்சாவளி, பால்நிலை போன்ற அடையாளத்தை வைத்துத் தாக்குகின்ற அல்லது இழிவுபடுத்துகின்ற பேச்சு, எழுத்து, நடத்தை யாவும் வெறுப்புப் பேச்சாகும். "பேச்சு" என்ற சொல் இருந்தாலும் படம், கேலிச்சித்திரம், சைகை, சுவரொட்டி என்பனவும் இதில் அடங்கும்.

இங்கு மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். கோபமான பேச்சு எல்லாம் வெறுப்புப் பேச்சு அன்று. "இந்த அமைச்சர் திறமையற்றவர்" என்பது விமர்சனம். "இன்ன சமயத்தின் இன்ன கொள்கையை நான் ஏற்கவில்லை" என்பது கருத்து. "அயல்வீட்டுக்காரன் கள்ளன்" என்பது பொய்யானால் அவதூறு. ஆனால் "அந்த ஊர்க்காரர் எல்லோரும் கள்ளர், அவர்களைக் கடைக்குள் விடக்கூடாது" என்று சொன்னால் நாம் வேறோர் எல்லைக்குள் வந்துவிட்டோம். ஒருவரின் செயலை விட்டு, அவர் மாற்றிக்கொள்ள முடியாத அல்லது மாற்றிக்கொள்ளத் தேவையில்லாத அடையாளத்தைக் குறிவைக்கிறோம். அத்துடன் அவரைப் புறந்தள்ளும்படி மற்றவரைத் தூண்டுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது நாட்டில் சட்டம் இல்லை என்று எழுதினால் புள்ளி இழப்பீர்கள். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 (1) (அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை வழங்குகிறது. 15 (2) உறுப்புரை இன, மத ஒற்றுமையின் நலன் கருதி அச்சுதந்திரத்தைச் சட்டத்தினால் மட்டுப்படுத்த இடமளிக்கிறது. மத உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகளின் கீழ் குற்றமாகும். இவற்றைவிட முக்கியமானது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். அதன் 3 ஆவது பிரிவு, பாரபட்சத்தை, பகைமையை அல்லது வன்முறையைத் தூண்டுமளவுக்குத் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்கி, 10 ஆண்டுகள் வரையான கடூழியச் சிறைத்தண்டனையை விதிக்க இடமளிக்கிறது. இலங்கை 1980 இல் இணைந்துகொண்ட சர்வதேச சமவாயத்தின் 20 ஆவது உறுப்புரையிலிருந்து வந்த ஏற்பாடு இதுவாகும். அதே சமவாயத்தின் 19 ஆவது உறுப்புரை கருத்துச் சுதந்திரத்தைப் பாதுகாக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஒன்றை அளவுக்கு மீறி இழுத்தால் மற்றையது கிழிந்துவிடும்.

சட்டம் இருந்தும் ஏன் பயனில்லை?

இதுவே விடையின் நடுப்பகுதி. சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு சட்டம் வலியவனுக்கும் எளியவனுக்கும் ஒரே விதமாகப் பிரயோகிக்கப்படும்போதே அதற்கு மதிப்பு உண்டாகும். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாறு அவ்வாறு அமையவில்லை. 2014 ஜூன் மாதத்தில் அளுத்கமவில் நடந்த பொதுக்கூட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பகிரங்கமாகப் பேசப்பட்டது. அதைத் தொடர்ந்து அங்கும் பேருவளையிலும் உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. அப்போது இச்சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அது உறையில் கிடந்த வாளாகவே இருந்தது.

அதே வாள் வேறோர் இடத்தில் உருவப்பட்டது. 2019 ஏப்ரல் மாதம் சிங்களச் சிறுகதை எழுத்தாளர் சக்திக சத்குமார, தாம் எழுதிய ஒரு கதை பௌத்தத்தை அவமதிக்கிறது என்ற முறைப்பாட்டின் பேரில் இதே சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். கதையில் எவரையும் தாக்கும்படி தூண்டவில்லை. ஆயினும் நான்கு மாதங்கள் வரை விளக்கமறியலில் இருந்த பின்னரே அவருக்குப் பிணை கிடைத்தது. 2021 இல் சட்டமா அதிபர் வழக்கைத் தொடரவில்லை. தமிழில் எழுதிய இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவரது "நவரசம்" கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் கூறப்பட்டது. தமிழைப் படித்தறிந்தவர்களோ, அக்கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்றனர். 2021 டிசம்பரில் பிணையும் 2023 இல் விடுதலையும் கிடைத்தன. கவிதையை வாசிக்க ஒரு மொழி தெரியாமல் போனதற்கு ஓர் இளைஞர் கொடுத்த விலை இது.

ஆகவே "சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்" என்று எழுதும் முன் யோசியுங்கள். கடுமையான சட்டம் யார் கையில், யாருக்கு எதிராக என்ற கேள்வி உடனே எழும். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது ஊடகவியலாளரும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தமைக்கு இந்த அச்சமே காரணம்.

அடுத்தது தாமதம். சமயத்தைப் பற்றி 2016 இல் தெரிவித்த கருத்துக்காகத் துறவி ஒருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது 2024 மார்ச் மாதத்தில். எட்டு ஆண்டுகள்! சொல் நிமிடத்தில் பரவுகிறது. தீர்ப்பு ஆண்டுக்கணக்கில் வருகிறது.

எல்லையை எவ்வாறு தீர்மானிப்பது?

எந்தப் பேச்சைத் தண்டிக்கலாம், எதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்தறிய 2012 இல் மொரோக்கோவின் ரபாத் நகரில் நிபுணர்கள் கூடி ஆறு விடயங்களை முன்வைத்தார்கள். பேசப்பட்ட சூழல், பேசியவரின் சமூக நிலை, அவரது நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், அது சென்றடைந்த பரப்பு, தீங்கு விளையக்கூடிய வாய்ப்பு என்பனவே அவை. இவற்றை மனனம் செய்தால் மட்டும் போதாது, பிரயோகிக்கத் தெரிய வேண்டும். ஒரே வசனத்தைத் தேநீர்க் கடையில் ஒருவர் முணுமுணுப்பதும், பதற்றமான ஒரு நகரில் ஆயிரம் பேர் முன்னால் ஒலிபெருக்கியில் ஒரு தலைவர் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதற்குப் பக்கத்தில் இருப்பவர் தரும் பதில் போதும். இரண்டாவதற்குச் சட்டம் வர வேண்டும்.

இந்த ஆறையும் பாராமல் சொல்லை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்களின் பின், 2019 மே மாதத்தில் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி, "அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்" என்ற கருத்தில் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அது அடுத்த தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று வாசிக்கப்பட்டது. அவர் கைதானார், ஊரில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, அடுத்த நாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் வேறு ஊர்களுக்கும் கம்பஹா மாவட்டத்தின் மினுவங்கொடைக்கும் பரவியது. உடைந்த ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு வரியின் கதை இது.

தொழில்நுட்பமும் மொழியும்

2018 இல் திகணைக் கலவரத்தின்போது, முஸ்லிம்களைக் கொல்லுங்கள் என்று சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவுகளைப் பற்றிப் பேஸ்புக் நிறுவனத்துக்கு முறைப்பாடு செய்தவர்களுக்கு, அவை தமது விதிகளை மீறவில்லை என்ற பதில் வந்தது. சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த போதிய பரிசோதகர்கள் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. மார்ச் 7 ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை முடக்கியது. ஒரு வாரத்துக்கு மேல் பேஸ்புக் முடங்கியிருந்தது. எனினும் தடையைச் சுற்றிச் செல்லும் செயலிகளை இளைஞர்கள் உடனே தரவிறக்கம் செய்துகொண்டார்கள். உறவினரைப் பற்றி அறிய விரும்பிய சாதாரண மக்களே அதிகம் சிரமப்பட்டனர். 2020 மே மாதத்தில், தனது தளம் இலங்கையில் தவறாகப் பயன்படுத்தப்பட்டு மனித உரிமைகளைப் பாதித்தமைக்காக அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இன்று கணினி நிரல்களே பதிவுகளை வடிகட்டுகின்றன. ஆனால் அவற்றைப் பயிற்றுவிக்க ஆங்கிலத்தில் உள்ளளவு எழுத்து எமது மொழிகளில் இல்லை. போதாக்குறைக்கு நாம் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம், பேச்சுவழக்கில் எழுதுகிறோம், ஊருக்கு ஊர் வேறுபட்ட வசைச்சொற்களைப் பாவிக்கிறோம். வசைச்சொல்லே இல்லாமலும் வெறுப்பைப் பரப்பலாம். ஒரு பழத்தின் பெயர், ஒரு விலங்கின் பெயர், ஒரு சிரிப்புக் குறி போதும். இதை எந்த இயந்திரம் கண்டுபிடிக்கும்?

ஆயினும் எல்லாப் பழியையும் தொழில்நுட்பத்தின் மீது போடாதீர்கள். 1983 ஜூலை 29 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, கொழும்புக்குள் புலிகள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாய்வழியாகவே பரவி, ஓயத் தொடங்கியிருந்த கொலைகளை மீண்டும் மூட்டியது. அன்று கையடக்கத் தொலைபேசி இருக்கவில்லை.

ருவாண்டாவின் வானொலி

வெளிநாட்டு உதாரணம் ஒன்று கேட்கப்பட்டால் ருவாண்டாவை எழுதுங்கள். 1993 ஜூலை மாதத்தில் அங்கு ஆர்.டி.எல்.எம் என்ற வானொலி ஆரம்பமானது. அது முதலில் மக்களைக் கவர்ந்தது நல்ல பாடல்களாலும் நகைச்சுவையாலும்தான். இடையிடையே துட்ஸி இனத்தவரைக் "கரப்பான் பூச்சிகள்" என்று அழைத்தது. கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியதும் அதே வானொலி கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் அவர்கள் மறைந்திருக்கும் இடங்களையும் வாசித்தது. சுமார் 100 நாட்களில் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். மனிதரைக் கொல்வது கடினம். பூச்சியைக் கொல்வது கடினமில்லை. பெயர்மாற்றம் முதலில் நடந்ததன் காரணம் இதுவே. அவ்வானொலியின் பொறுப்பாளர்கள் இருவருக்கும் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கும் ஐ.நா. வின் சர்வதேச நீதிமன்றம் 2003 டிசம்பரில் தண்டனை விதித்தது. 2007 இல் மேன்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டன. நவீன காலத்தில் ஊடகத்தினரின் சொல் மனித குலத்துக்கு எதிரான குற்றமாக ஆராயப்பட்ட முக்கிய வழக்கு இது.

எமது வாயிலும் இருக்கிறது

இதுவரை பார்த்தவற்றில் பேசியவர் பெரும்பாலும் "மற்றவர்". அவ்வாறே விடையை முடித்தால் அது அரை விடை. எமது நாட்டில் தோட்டங்களில் உழைத்த மலையக மக்களைக் "கள்ளத்தோணி" என்று அழைத்த வழக்கம் இருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியபோது, அது பலருக்கு அநீதியாகத் தோன்றாததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை அவர்கள் மீது எறிந்தவர்களுள் தமிழரும் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அண்டை வீட்டார் பலர் மௌனமாக நின்றதையும், சாதிப் பெயர்கள் இன்றும் எமது ஊர்களில் ஏச்சாகப் பாவிக்கப்படுவதையும் எண்ணிப் பாருங்கள். தமது குழு பாதிக்கப்பட்டபோது வெறுப்புப் பேச்சை உடனே இனங்காணும் காது, தமது குழு பேசும்போது செவிடாகிவிடுகிறது. சவால்கள் எல்லாவற்றிலும் கடினமானது இது என்பது எமது கருத்து; ஏனெனில் இதற்குச் சட்டமும் இல்லை, பரிசோதகரும் இல்லை.

அத்துடன் இலாபம் பார்ப்போரும் உளர். தேர்தல் காலத்தில் வாக்குக்காகவும், கடைத்தெருவில் போட்டி வியாபாரியை ஒழிப்பதற்காகவும், பத்திரிகை விற்பனைக்காகவும் வெறுப்பு பயன்படுகிறது. 2019 மே மாதத்தில் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கதை ஒரு சிங்களப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் வெளியானது. குற்றப்புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அம்பாறைக் கட்டியும் குருநாகல் வைத்தியரும் ஒரே அச்சத்தின் இரு வடிவங்கள்: "அவர்கள் பெருகுகிறார்கள், நாம் அருகுகிறோம்." இந்த அச்சம் இருக்கும்வரை ஒரு வதந்தியை மறுத்தால் இன்னொன்று முளைக்கும்.

விடை எழுதும்போது

சவால்களை எழுதிய பின் தீர்வுகளைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். ஆனால் உண்மையாக நடந்தவற்றை எழுதுங்கள். 1983 இல் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்து வைத்த சிங்கள அயலவர் பலர். 2018 மார்ச்சில் கலவரத்துக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்களுக்குச் சென்று முஸ்லிம்களுடன் நின்ற பௌத்த துறவிகளும் இருந்தனர். இரண்டாம் தேசிய மொழியைக் கற்பதன் பயனை வழமையான வாய்பாடாக எழுதாமல், அம்பாறைக் காசாளருடன் இணைத்து எழுதுங்கள். அன்று மேசையின் இரு பக்கத்திலும் இரு மொழி தெரிந்த ஒருவர் நின்றிருந்தால் பேச்சு எப்படிப் போயிருக்கும்?

பரிசோதகருக்கு வெறும் பெயர்ப்பட்டியல் தேவையில்லை. இரண்டு உதாரணங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தச் சவால் தெரிகிறது என்று காட்டினால் போதும். ஆண்டுகளைச் சரியாக எழுதுங்கள். குறிப்பாக 2018 திகணைச் சம்பவத்தையும் 2019 மே சம்பவங்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னையது உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு ஓராண்டுக்கு மேல் முந்தியது. "அவர்கள்தான் வந்து குண்டு வைத்தார்களே, அதனால்தான் கலவரம்" என்று எழுதும் விடைகள் திகதியிலேயே பிழைத்துவிடுகின்றன.

பயிற்சி வினா

உங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் ஒரு காணொளியைப் பகிர்கிறார். பக்கத்து ஊரிலுள்ள ஒரு கடையில் ஒரு குறிப்பிட்ட சமூகத்தார் உணவில் எதையோ கலப்பதாகவும், இனி எவரும் அங்கே செல்லக்கூடாது என்றும் அதில் ஒரு குரல் கூறுகிறது. காணொளியில் திகதி இல்லை, பேசுபவர் முகமும் இல்லை. அக்கடைக்காரரின் மகள் உங்கள் வகுப்பில் படிக்கிறாள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

(அ) ரபாத் நகரில் முன்வைக்கப்பட்ட ஆறு விடயங்களுள் மூன்றைக் கொண்டு இக்காணொளியை ஆராய்க.

(ஆ) இதைப் பகிர்ந்த நண்பருக்கு, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி நீங்கள் எழுதும் பதிலை ஐந்து வரிகளுக்கு மேற்படாமல் எழுதுக.